நிலநடுக்கம் அதிகம் வராத ஏரியாவுல இருக்கீங்களா? வீட்டை ரெடி பண்றதுல இருந்து ஆட்டம் முடிஞ்ச பிறகு வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

ஜப்பான்லயோ சிலியிலயோ இருக்கறவங்களுக்கு நிலநடுக்கம் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல, ஸ்கூல்லயே பழகிடுவாங்க, பில்டிங்கும் அதுக்கு ஏத்த மாதிரிதான் கட்டியிருப்பாங்க. பிரச்சனை மத்தவங்களுக்குத்தான். மேப்ல "ஆபத்து குறைவு"ன்னு கலர் அடிச்சிருக்கற இடத்துல இருக்கறவங்களுக்கு எல்லாரும் சொல்றது ஒரே வரி: "இங்கல்லாம் வராதுப்பா." அந்த நம்பிக்கையிலயே வீடு கட்டறாங்க, அந்த நம்பிக்கையிலயே தலைமாட்டுல கண்ணாடி போட்ட பெரிய படத்தை ஒத்த ஆணியில மாட்டறாங்க, அப்புறம் நூறு வருஷத்துக்கு ஒருக்கா சுமாரான ஒரு ஆட்டம் வந்தாக்கூட, ஆடத் தெரிஞ்ச ஊர்ல நாலு கண்ணாடி உடையறதோட போற விஷயம் இங்க உயிர்ச்சேதமா ஆயிடுது.

அதனால இந்த வழிகாட்டியில பெரும்பகுதி உங்க சுவரையும் உங்க ரூமையும் பத்திதான் இருக்கும். பயமுறுத்தறதுக்காக எழுதல, இதுல பாதி வேலை ஒரு டிரில் மெஷினும் ஒரு ஞாயித்துக்கிழமையும் இருந்தா முடிஞ்சிடும்.

படி 1: "குறைவு"ன்னா என்னன்னு மொதல்ல புரிஞ்சுக்கோங்க

ஒரு ஏரியாவுல நில அதிர்வு குறைவுன்னு சொன்னா அது எத்தனை தடவை வருதுங்கறதை பத்தின பேச்சு. எவ்ளோ பெருசா வரும்ங்கறதை பத்தி அது ஒண்ணும் சொல்லல. இந்த ரெண்டையும் நிறைய பேர் போட்டு குழப்பிக்கறாங்க.

பூமியோட தட்டுகள் ஒண்ணோட ஒண்ணு உரசற ஓரங்கள்லதான் பெரும்பாலான நிலநடுக்கம் வருது, அது சரிதான். ஆனா தட்டோட நடுப்பகுதியும் சும்மா இல்ல. ஓரத்துல விழற அழுத்தம் உள்ள வரைக்கும் கடத்தப்படுது, உள்ள கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி உண்டான பழைய பிளவுகள் அப்படியே கிடக்கு, அதுல எது பலவீனமா இருக்கோ அது என்னைக்காவது ஒருநாள் நழுவுது. நகர்வு ரொம்ப மெதுவா இருக்கறதால ஒரே பிளவு திரும்ப அசையறதுக்கு பல ஆயிரம் வருஷம்கூட ஆகலாம். நம்ம கிட்ட கருவியில பதிவான ரெக்கார்டோ ஏறக்குறைய நூத்தி சொச்சம் வருஷத்துக்குதான் இருக்கு. அதை வச்சுக்கிட்டு "இங்க வந்ததே இல்ல"ன்னு சொல்றதுல பெருசா ஒரு அர்த்தமும் இல்ல.

உதாரணம் நிறைய இருக்கு. ஆஸ்திரேலியா முழுக்க தட்டோட நடுவுலதான் உக்காந்திருக்கு, அங்க 1968ல மெக்கரிங்ல 6.5 அளவுல வந்து தரையில சுமார் 37 கிலோமீட்டர் நீளத்துக்கு வெடிப்பு விட்டுச்சு, 1988 ஜனவரியில டெனன்ட் கிரீக்ல ஒரே நாள்ல, 12 மணி நேரத்துக்குள்ள, 6க்கு மேல மூணு நிலநடுக்கம். போட்ஸ்வானாவுல 2017ல 6.5. எல்லாத்தையும் விட மனசுல நிக்க வேண்டியது மகாராஷ்டிராவுல லாத்தூர் பக்கத்துல இருக்கற கில்லாரி, 1993 செப்டம்பர் 30 விடியக்காலை நாலு மணிக்கு கொஞ்சம் முன்னாடி, 6.2 அளவு, செத்தவங்க பத்தாயிரத்துக்கு பக்கம். அந்த ஏரியா அப்போ இந்தியாவோட நிலநடுக்க மேப்ல இருந்ததுலயே ஆபத்து கம்மின்னு போட்டிருந்த மண்டலம் 1ல இருந்துச்சு. 2002ல மேப்பை திருத்தினப்போ மண்டலம் 1ங்கற அந்த வகையையே தூக்கிட்டாங்க.

இன்னொரு விஷயமும் சேத்து சொல்லிடறேன். பழைய, குளிர்ந்த, உறுதியான பாறை இருக்கற இடத்துல அதிர்வு ரொம்ப தூரம் வலு குறையாம போகும். 2011ல அமெரிக்காவோட வர்ஜீனியாவுல 5.8 வந்தப்போ நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருந்த வாஷிங்டன் நினைவுத்தூணே விரிசல் விட்டுச்சு, கனடா வரைக்கும் ஜனங்க உணர்ந்தாங்க. அதே அளவு கலிபோர்னியாவுல வந்திருந்தா அவ்ளோ தூரம் போயிருக்காது.

அப்புறம் மனுஷனே கிளப்பி விடற ஆட்டம். பெரிய அணையில தண்ணி நிரப்பறது, நிலத்துக்கு அடியில கழிவுத் தண்ணிய அழுத்தி இறக்கறது, கேஸ் எடுக்கறது, புவிவெப்பத்துக்காக ஆழமா துளை போட்டு தண்ணி செலுத்தறது, இது எல்லாமே அமைதியா கிடந்த பிளவை அசைச்சு விடலாம். கொய்னா அணை பக்கத்துல 1967ல 6.3, ஓக்லஹோமாவுல 2016ல 5.8, தென்கொரியாவோட போஹாங்ல 2017ல 5.5, நெதர்லாந்துல குரோனிங்கன் கேஸ் வயல் மேல வந்த சின்ன சின்ன ஆட்டத்துலயே வீடுகள் விரிசல் விட்டு கடைசியில கேஸ் எடுக்கறதையே நிறுத்தினாங்க. உங்க பக்கத்துல இந்த மாதிரி வேலை எதாவது நடக்குதான்னு தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது, பழைய மேப்ல இது இருக்காது.

படி 2: நியூஸ்ல வர்ற நம்பரை படிக்க கத்துக்கோங்க

நியூஸ்ல ரெண்டு விதமான அளவை கலந்து கட்டி அடிப்பாங்க. ஒண்ணு ரிக்டர்னு இன்னும் எல்லாரும் சொல்ற அந்த நம்பர், அது நிலநடுக்கத்தோட மொத்த அளவு, ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரு நம்பர்தான். ஒரு எண் கூடினா வெளிவர்ற சக்தி சுமார் 32 மடங்கு கூடும். அதனால 4ஐயும் 6ஐயும் பக்கத்து பக்கத்து நம்பர் மாதிரி நினைக்காதீங்க, நடுவுல ஆயிரம் மடங்கு இருக்கு.

இன்னொண்ணு தீவிரம், ரோமன் எண்ல 1ல இருந்து 12 வரைக்கும் போடுவாங்க. இது நீங்க நிக்கற இடத்துல எவ்ளோ ஆடுச்சுங்கறது. ஒரே நிலநடுக்கத்துக்கு ஊருக்கு ஊர் மாறும். உங்க வீட்டுக்கு என்ன ஆகும்ங்கறதை சொல்றது இந்த ரெண்டாவதுதான்.

அளவு சின்னதா இருந்தும் தரைக்கு ரொம்ப பக்கத்துலயே வந்தா மோசமா அடிக்கும். பிரான்ஸ்ல லு தேய் ஊர்ல 2019 நவம்பர்ல வந்தது வெறும் 4.9, ஆனா தரைக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்துலயே நடந்ததால தரையே கிழிஞ்சு தெரிஞ்சுச்சு, பழைய வீடுகள் நிறைய பாழாச்சு. "அஞ்சுகூட இல்லையே"ன்னு அலட்சியமா பேசறவங்களுக்கு இதை சொல்லுங்க.

படி 3: உங்க ஏரியா மேப்பை எடுத்து பாருங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க

கிட்டத்தட்ட எல்லா நாட்டுலயும் புவியியல் துறையோ கட்டிட விதி போடற அமைப்போ ஒரு நிலநடுக்க அபாய மேப் போட்டிருப்பாங்க. அதுல உங்க இடத்தோட நம்பரை மட்டும் பாக்காம, எத்தனை வருஷக் கணக்குல போட்டதுன்னும் பாருங்க. பல மேப்ல "50 வருஷத்துல 10 சதவீத வாய்ப்பு"ன்னு இருக்கும், அது சராசரியா 475 வருஷத்துக்கு ஒருக்கா வரக்கூடிய ஆட்டம். சில நாடுகள் 50 வருஷத்துல 2 சதவீதம்னு போடுவாங்க, அது 2475 வருஷக் கணக்கு.

இதுல என்ன சூட்சுமம்னா, அடிக்கடி ஆடற இடத்துல இந்த ரெண்டு கணக்குக்கும் பெரிய வித்தியாசம் வராது, ஏறக்குறைய ஒன்றரை ரெண்டு மடங்கு. ஆனா அமைதியான இடத்துல 2475 வருஷ ஆட்டம் 475 வருஷ ஆட்டத்தை விட மூணு நாலு மடங்குகூட இருக்கலாம். அதாவது 475 வருஷக் கணக்குக்கு மட்டும் கட்டின பில்டிங்கு, அரிதான அந்த ஒண்ணு வந்தா, கையில மிச்சம் வச்சிருக்கற பலம் ரொம்ப கம்மி. கனடா தன்னோட விதியை 2005ல 2475 வருஷக் கணக்குக்கு மாத்தினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

படி 4: காலுக்கு அடியில என்ன மண்ணு?

பாறை மேல இருக்கற வீடும் தூர்த்த ஏரி மேல இருக்கற வீடும் ஒரே தெருவுல இருந்தாலும் ஒரே மாதிரி ஆடாது. மெத்துன்னு இருக்கற மண்ணு அதிர்வை பெருசாக்கும். 1985ல மெக்சிகோ நகரத்துக்கு நடந்தது எல்லா பாடப் புத்தகத்துலயும் இருக்கு, மையம் 350 கிலோமீட்டருக்கு மேல தள்ளி கடலோரத்துல இருந்துச்சு, ஆனா நகரத்தோட ஒரு பகுதி பழைய ஏரிப் படுகை மேல நின்னதால அங்க இருந்த நடுத்தர உயர பில்டிங்குகள் கொத்து கொத்தா விழுந்துச்சு.

ரொம்ப தூரத்துல வர்ற பெரிய ஆட்டம் உங்களுக்கு பிரச்சனையா வர்ற வழி இதுதான். 2025 மார்ச் 28ல மியான்மர்ல மண்டலே பக்கத்துல 7.7 வந்தப்போ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, மெத்துன்னு இருக்கற களிமண் மேல இருக்கற பாங்காக்ல கட்டிக்கிட்டு இருந்த 30 மாடிக்கு மேலான ஒரு பில்டிங் அப்படியே உக்காந்துருச்சு. தூரம் போகப்போக வேகமான அதிர்வு செத்துப்போய் மெதுவா அசையற அலைதான் மிஞ்சும், அந்த மெதுவான அலைக்கு உயரமான பில்டிங்தான் ஒத்து ஆடும். நீங்க இருபதாவது மாடியில இருந்தா பக்கத்து நாட்டு நிலநடுக்கமும் உங்க கணக்குல சேரும்னு வச்சுக்கோங்க.

நிலத்தடி நீர் மேலாகவே இருக்கற லூசான மணல்ல இன்னொரு தொல்லை இருக்கு, ஆடும்போது மணலும் தண்ணியும் சேந்து குழம்பு மாதிரி ஆகி தாங்கற சக்தியை இழந்துடும், வீடு ஒரு பக்கமா சாயும், தரையில இருந்து சேறு பொங்கும். 2011ல நியூசிலாந்தோட கிரைஸ்ட்சர்ச்ல முழு முழு குடியிருப்பையே இதனால காலி பண்ண வேண்டியதாச்சு.

எப்படி கண்டுபிடிக்கறது? பில்டிங் கட்டறப்போ எடுத்த மண் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தா கேளுங்க. இல்லன்னா பழைய மேப்ல அந்த இடம் குளமா, சதுப்பா, ஆத்தோட பழைய போக்கான்னு பாருங்க, அக்கம்பக்கத்துல கிணறு போர் போட்டவங்ககிட்ட எத்தனை அடியில பாறை வந்துச்சுன்னு கேளுங்க. இதுக்கு மேல இன்ஜினியர்தான் சொல்லணும்.

படி 5: வீட்டை வெளிய நின்னு ஒரு சுத்து சுத்தி பாருங்க

இந்த படிக்கு நேரம் ஒதுக்குங்க. நோட்டு பேனாவோட போங்க, மொட்டை மாடியில இருந்து ஆரம்பிச்சு கீழ இறங்குங்க.

மேல கைப்பிடிச்சுவர். செங்கல்ல தனியா எழுப்பி நிக்குதா, இல்ல நடுநடுவுல கம்பியோட கான்கிரீட் தூண் கொடுத்திருக்கா? சும்மா நிக்கற செங்கல் சுவர்தான் மொதல்ல விழும், அதுவும் வெளிப்பக்கமா, ஜனங்க ஓடி வர்ற வாசல் பக்கமா விழும். புகைபோக்கி, முக்கோணமா ஏறற பக்கச்சுவர், அலங்காரத்துக்கு மேல தூக்கி கட்டின முகப்பு, எல்லாம் இதே ஜாதிதான். 1989 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவோட நியூகேசில்ல 5.6 வந்து 13 பேர் செத்தாங்க, அதுல மூணு பேர் பூமான்ட் தெருவுல கடைங்க முன்னாடி இருந்த கூரையும் முகப்பு செங்கலும் மேல விழுந்து போனவங்க. வீட்டுல எங்கயாவது ஒரு இடத்துல மட்டும்தான் காசு செலவு பண்ண முடியும்னா நான் இந்த தலைக்கு மேல நிக்கற செங்கல்லதான் பண்ணுவேன், உயரத்தை குறைக்கலாம், இடிச்சுட்டு இரும்பு கிரில் போடலாம், பின்னாடி முட்டு கொடுத்து கட்டலாம்.

தண்ணி டேங்க். ஆயிரம் லிட்டர்னா ஒரு டன். அது நாலு செங்கல் அடுக்கி அதுக்கு மேல சும்மா உக்காந்திருந்தா அது உருண்டு வர்றதுக்கு பெரிய நிலநடுக்கமே தேவையில்ல.

அடுத்து சுவர். வீட்டுல கான்கிரீட் சட்டம், அதாவது பில்லரும் பீமும், இருக்கா இல்ல சுவரே பாரம் தாங்குதா? சுவர் தாங்கற வீடுன்னா கதவு ஜன்னலுக்கு மேல வீட்டை சுத்தி ஒரே பட்டையா கான்கிரீட் ஓடுதான்னு கேளுங்க. பல இடத்துல ஜன்னலுக்கு மேல மட்டும் துண்டு துண்டா லின்டல் போட்டிருப்பாங்க, அது பாரத்தை தாங்கும், ஆனா நாலு சுவரையும் ஒண்ணா பிடிச்சு வைக்காது. சுவர் தனித்தனியா ஆடி மூலையில பிரிஞ்சு விழறதுதான் இந்த வீடுகளோட சாவு. ஜன்னல் மூலைக்கு ரொம்ப பக்கத்துல இருந்தாலும் அந்த மூலை பலவீனம்தான்.

கல்லும் மண்ணும் வச்சு கட்டின பழைய வீடுகளை பத்தி தனியா சொல்லணும். கில்லாரியில அவ்ளோ பேர் செத்ததுக்கு காரணம் இதுதான்: ஒழுங்கில்லாத கல்லை மண் சாந்து வச்சு ரொம்ப தடிமனா கட்டின சுவர், உள்பக்க கல்லும் வெளிப்பக்க கல்லும் ஒண்ணோட ஒண்ணு பிடிமானமே இல்லாம ரெண்டு தனிச் சுவர் மாதிரி நின்னுச்சு, மேல மரச்சட்டத்துல கனமா மண்ணு கொட்டின கூரை. வெயிலுக்கு ஜில்லுன்னு இருக்கும்னு கட்டினது. ஆடினதும் வெளிச்சுவர் பிதுங்கி விழுந்துச்சு, மண்ணு மொத்தமும் தூங்கிக்கிட்டு இருந்தவங்க மேல. இந்த மாதிரி வீட்டுல இருக்கீங்கன்னா மூணு வேலை இருக்கு: கூரை மேல இருக்கற மண்ணை குறைச்சு பாரத்தை இறக்கறது, சுவரோட முழு தடிமனுக்கும் ஊடுருவற மாதிரி கல்லோ கான்கிரீட் துண்டோ நடுநடுவுல வைக்கறது (பக்கவாட்டுல 1.2 மீட்டருக்கு ஒண்ணு, உயரத்துல 60 சென்டிமீட்டருக்கு ஒண்ணுன்னு பொதுவா சொல்லுவாங்க), ஜன்னல் மட்டத்துக்கு மேல சுத்தி பட்டை கட்டறது. இது நல்ல மேஸ்திரியும் இன்ஜினியரும் சேந்து பண்ற வேலை, நீங்களா கல்லை உருவாதீங்க.

அபார்ட்மென்ட்ல இருக்கீங்களா? கீழ கார் நிறுத்தறதுக்காக வெறும் பில்லரா விட்டு, மேல எல்லா மாடியும் சுவரால நிரப்பியிருக்கா? மேல பகுதி மொத்தமும் ஒரு கெட்டியான பெட்டி, கீழ மட்டும் ஒல்லிக் கால், ஆடும்போது அசைவு பூரா அந்த ஒரு மாடியிலயே விழும். 2001 ஜனவரி 26ல குஜராத்ல புஜ் நிலநடுக்கம் வந்தப்போ 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருந்த அகமதாபாத்ல நிறைய அடுக்குமாடி இப்படித்தான் உக்காந்துச்சு. சங்கத்துல இந்த பேச்சை எடுத்தா "ரேட் இறங்கிடும்"னு வாயை மூட சொல்வாங்க, இருந்தாலும் கேளுங்க, கீழ சில இடத்துல கான்கிரீட் சுவர் சேக்கறது மாதிரி தீர்வு இருக்கு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர் பாத்து கணக்கு போட்டா போதும். அதே நேரத்துல, அனுமதி வாங்காம ஒரு மாடி ஏத்தினது, கடை வைக்க வசதியா ஒரு பில்லரை செதுக்கினது, நடுச்சுவரை எடுத்து ஹால் பெருசாக்கினது, இதெல்லாம் யாராவது பண்ணியிருந்தா அதையும் நோட்ல எழுதிக்கோங்க.

படி 6: இப்போ உள்ள வாங்க, டிரில் மெஷினோட

சின்ன நடுத்தர ஆட்டத்துல நிறைய பேருக்கு அடிபடறது பில்டிங் விழுந்து இல்ல, பொருள் விழுந்துதான். இந்த படி எல்லாராலயும் பண்ண முடியும், வாடகை வீடா இருந்தாலும் ஓனர்கிட்ட சொல்லிட்டு நாலு ஓட்டை போடலாம்.

மொதல்ல தூங்கற இடம், ஏன்னா ஒரு நாள்ல மூணுல ஒரு பங்கு நேரம் அசையாம கிடக்கறது அங்கதான். தலைக்கு மேல ஷெல்ஃப், கண்ணாடி ஃபிரேம், ஏசி, லாஃப்ட்ல சூட்கேஸ் இருந்தா ஒண்ணு அதை மாத்துங்க இல்ல கட்டிலை மாத்துங்க. கட்டிலுக்கு பக்கத்துல நிக்கற பீரோ சாஞ்சா எங்க விழும்னு பாருங்க, அதோட உயரம் கட்டில் வரைக்கும் எட்டுதுன்னா அதை சுவரோட பிடிச்சே ஆகணும். மேல் பக்கத்துல ரெண்டு எல் ஆங்கிள், செங்கல்லயோ கான்கிரீட்லயோ ஆழமா போற போல்ட். வெறும் பூச்சுல பிளக் அடிச்சு ஸ்க்ரூ போட்டா அது பூச்சோட சேந்து பிடுங்கிக்கிட்டு வரும், அடிக்கறதுக்கு முன்னாடி தட்டிப் பாருங்க, சுவர் பலகையா இருந்தா உள்ள இருக்கற சட்டம் எங்க ஓடுதுன்னு கண்டுபிடிச்சு அதுல போடுங்க.

கட்டிலுக்கு அடியில ஒரு ஜோடி செருப்பும் டார்ச்சும். இது கேக்க சில்லறை விஷயமா இருக்கும், ஆனா ராத்திரி கரண்ட் போன ரூம்ல தரை பூரா கண்ணாடி, நீங்க வெறுங்கால்ல இறங்கினா அங்கயே கதை முடிஞ்சது, குழந்தையை தூக்க அடுத்த ரூமுக்குக்கூட போக முடியாது. செருப்பை ஒரு பையில போட்டு கட்டில் கால்ல கட்டி வைங்க, இல்லன்னா அது ஆட்டத்துல எங்கயோ போயிடும்.

கிச்சன்ல கனமான பாத்திரம், மிக்ஸி, கண்ணாடி ஜாடி கீழ் தட்டுக்கு வரட்டும், மேல் அலமாரி கதவுக்கு கொக்கி போடுங்க. கேஸ் சிலிண்டரை சங்கிலியோ பெல்ட்டோ போட்டு சுவரோட கட்டுங்க. வாட்டர் ஹீட்டர் 50 லிட்டர்னா தண்ணி மட்டுமே 50 கிலோ, அது தொங்கற போல்ட் துருப்பிடிச்சிருக்கான்னு பாருங்க. டிவிக்கு பின்னாடி ஒரு ஸ்ட்ராப். புத்தக அலமாரியில கனமானது கீழ. வெளிய போற வழியில, முக்கியமா கதவுக்கு குறுக்க விழற மாதிரி எதுவும் நிக்க வேண்டாம்.

அவசரப் பை பத்தி ஊர்ல ஏகப்பட்ட லிஸ்ட் இருக்கு, அதுல ஒண்ணை எடுத்துக்கோங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு நாலு லிட்டர் தண்ணி, மூணு நாளைக்கு, தினமும் சாப்பிடற மாத்திரை, டாக்குமென்ட் காப்பி, விசில், பவர் பேங்க். போதும்.

இன்சூரன்ஸ் பேப்பரையும் ஒருக்கா எடுத்து படிச்சு பாருங்க, பல வீட்டு பாலிசியில நிலநடுக்கம் தனியா சேத்தாதான் உண்டு.

படி 7: ஆடும்போது

பழக்கம் இல்லாத ஊர்ல எல்லாருக்கும் மொதல்ல தோணறது "லாரி போகுது", "எங்கயோ வெடிச்சிருச்சு", "எனக்கு தலை சுத்துது". தரைக்கு பக்கத்துலயே வர்ற நிலநடுக்கத்துல உண்மையிலயே டமார்னு சத்தம் கேக்கும், அதனால இந்தக் குழப்பம் இயல்புதான். அந்த யோசனையிலயே மூணு நாலு செகண்ட் போயிடும், மொத்த ஆட்டமே பெரும்பாலும் பத்து பதினஞ்சு செகண்ட்தான். முதல்ல வர்ற அலை வேகமானது, லேசா உதறும், ரெண்டாவதா வர்றதுதான் பக்கவாட்டுல போட்டு ஆட்டும். மையம் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தா ரெண்டுக்கும் நடுவுல பன்னெண்டு செகண்ட் கிட்ட கிடைக்கும், மையம் உங்க காலுக்கு அடியிலன்னா ஒண்ணும் கிடைக்காது. அதனால சந்தேகம் வந்தாலே குனிங்க, லாரியா இருந்தா எழுந்து சிரிச்சுக்கலாம்.

முட்டி போட்டு குனிஞ்சு, தலையையும் கழுத்தையும் கையால மூடி, கெட்டியான மேஜைக்கு அடியில போய் அதோட காலை பிடிச்சுக்கோங்க. மேஜை நகர்ந்தா கூடவே நகருங்க. மேஜை இல்லன்னா உள்சுவர் பக்கமா, ஜன்னலை விட்டு தள்ளி. கட்டில்ல இருந்தா இறங்க வேண்டாம், தலையணையை தலை மேல வச்சு குப்புற படுங்க. சக்கர நாற்காலின்னா பிரேக் போட்டு குனிஞ்சு தலையை மூடுங்க. கதவு நிலையில போய் நிக்க சொல்றது பழைய பேச்சு, இப்போ கட்டற வீட்டுல நிலைக்கு தனி பலம் ஒண்ணும் இல்ல, கதவு வேற முகத்துல அடிக்கும். மேஜைக்கு அடியில போகாம பக்கத்துல படுங்கன்னு "உயிர் முக்கோணம்"னு ஒரு ஃபார்வர்டு வருஷா வருஷம் சுத்தும், பேரிடர் துறையில இருக்கறவங்க அதை ஏத்துக்கறதில்ல.

ஓடலாமா? பொதுவா வேண்டாம், படிக்கட்டும் வாசலும்தான் விழற இடம். இதுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு, கனமான மண் கூரை போட்ட கல் வீட்டுல, தரைத்தளத்துல, வெட்டவெளிக்கு போற கதவுக்கு பக்கத்துலயே இருக்கீங்கன்னா உடனே வெளிய போயிடறது நல்லது, அந்த கூரைக்கு அடியில மேஜை உங்களை காப்பாத்தாது. வெளிய இருந்தா பில்டிங், கரண்ட் கம்பி, மரம் எல்லாத்தையும் விட்டு தள்ளிப் போங்க. வண்டியில இருந்தா பாலத்துக்கு அடியில இல்லாம ஓரம் கட்டுங்க. லிஃப்ட்ல மாட்டினா எல்லா மாடி பட்டனையும் அமுக்கி, நிக்கற மொத மாடியில இறங்குங்க.

படி 8: நின்ன பிறகு

செருப்பு, டார்ச், குழந்தைங்க, பெரியவங்க. கேஸ் வாசனை வந்தா சுவிட்ச் எதையும் தொடாதீங்க, வால்வை மூடி, ஜன்னலை திறந்துட்டு, வெளிய போங்க. கடலோரமா இருந்தா, ஆட்டம் பலமா இருந்தாலோ ரொம்ப நேரம் நீடிச்சாலோ கடல் உள்வாங்கினாலோ, அறிவிப்புக்கு காத்திருக்காம மேட்டுக்கு ஏறுங்க.

பின்னதிர்வு வரும். ஒவ்வொரு நாளும் எண்ணிக்கை குறையும், அதுல பெருசா வர்றது பொதுவா முதல் ஆட்டத்தை விட ஒரு எண் கீழ இருக்கும், ஆனா ஏற்கனவே தளர்ந்த சுவருக்கு அது போதும். அதனால உள்ள திரும்பிப் போறதுக்கு முன்னாடி விரிசலை பாருங்க. பூச்சுல முடி மாதிரி கோடு, பெரும்பாலும் பயப்பட ஒண்ணும் இல்ல. ஜன்னல் மூலையில இருந்து சாய்வா போற விரிசல், குறுக்கும் நெடுக்குமா பெருக்கல் குறி மாதிரி வந்த விரிசல், ரெண்டு சுவர் சேர்ற மூலையில மேல இருந்து கீழ பிளவு, பில்லர்ல கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரியறது, நேத்து வரைக்கும் சரியா மூடின கதவு இன்னைக்கு மாட்டிக்கறது, இதுல ஒண்ணு இருந்தாலும் இன்ஜினியர் பாக்கற வரைக்கும் உள்ள தூங்காதீங்க. பல நாட்டுல பரிசோதிச்சு பச்சை, மஞ்சள், சிவப்பு சீட்டு ஒட்டுவாங்க, சிவப்புன்னா பொருள் எடுக்கக்கூட போகக்கூடாது. உடைஞ்சதை கூட்டிப் பெருக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஃபோட்டோ எடுங்க. ஃபோன் பண்ணி லைனை அடைக்காம மெசேஜ் போடுங்க.

உங்க நாட்டு நிலநடுக்க மையம் "உணர்ந்தீங்களா"ன்னு கேக்கற படிவம் வச்சிருந்தா நிரப்புங்க. ஆடற ஊர்ல கருவி நிறைய இருக்கும், அமைதியான ஊர்ல நூறு கிலோமீட்டருக்கு ஒண்ணுகூட இருக்காது, அங்க ஜனங்க அனுப்பற தகவல்தான் எந்த மண்ணு எப்படி ஆடுச்சுன்னு காட்டும்.

படி 9: வதந்தி

மொத ஆட்டம் அடங்கி அரை மணி நேரத்துல "ராத்திரி ரெண்டு மணிக்கு பெருசா வரப்போகுது"ன்னு ஆடியோ வரும். நாள், நேரம், இடம், அளவு சொல்லி நிலநடுக்கத்தை முன்கூட்டி சொல்ற முறை உலகத்துல யார்கிட்டயும் இல்ல. 1975ல சீனாவுல ஹைசெங்ல முன்னதிர்வுகள் வரிசையா வந்ததை வச்சு ஜனங்களை வெளியேத்தினது உண்மை, ஆனா அடுத்த வருஷமே டாங்ஷான்ல எந்த எச்சரிக்கையும் இல்லாம வந்து, அரசு கணக்குப்படியே ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் பேருக்கு மேல செத்தாங்க. இப்போ ஆண்ட்ராய்டு ஃபோன்ல வர்ற எச்சரிக்கை கணிப்பு இல்ல, ஏற்கனவே தொடங்கின ஆட்டத்தை கண்டுபிடிச்சு அலை உங்ககிட்ட வர்றதுக்குள்ள சொல்றது, அதை ஆன் பண்ணி வைங்க.

சின்ன சின்னதா வாரக்கணக்குல வந்துக்கிட்டே இருந்தா என்ன பண்றது? பெரும்பாலும் அப்படியே அடங்கிடும். ஆனா கில்லாரியிலயும் முந்தின வருஷம் இப்படித்தான் குட்டி ஆட்டங்கள் வந்துச்சு. அதனால "சின்னதா வந்து அழுத்தம் குறைஞ்சிடுச்சு, இனி பெருசு வராது"ன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க, ஒரு 6க்கு ஈடுகட்ட ஆயிரம் 4 வேணும், அவ்ளோ யாருக்கும் வர்றதில்ல. அந்த நாட்கள்ல படி 6ஐ முடிச்சிடுங்க, பலவீனமான பழைய வீடுன்னா பெரியவங்களையும் குழந்தைகளையும் வேற இடத்துல தூங்க வைங்க.

படி 10: புதுசா கட்டறீங்கன்னா

ஆபத்து குறைவான மண்டலத்துல புது வீட்டுக்கு நிலநடுக்க பாதுகாப்பு சேக்கறதுக்கு ஆகற கூடுதல் செலவு மொத்த செலவுல சின்ன பங்குதான், பழைய வீட்டை பின்னாடி பலப்படுத்தறதுக்குதான் காசு கரையும். வீட்டோட வடிவம் முடிஞ்ச வரைக்கும் சதுரம் செவ்வகம்னு சிம்பிளா இருக்கட்டும். சுவர் தாங்கற வீடுன்னா அஸ்திவார மட்டம், லின்டல் மட்டம், கூரை மட்டம்னு சுத்தி பட்டை, மூலைகள்ல அஸ்திவாரத்துல இருந்து கூரை வரைக்கும் நேர் கம்பி, ஒரு மாடி வீட்டுல சுவர் நீளத்துல பாதிக்கு மேல கதவு ஜன்னல்னு ஓட்டையா விடாதீங்க.

பில்லர் வீடுன்னா சைட்ல போய் நீங்களே ஒரு விஷயம் பாக்கலாம். பில்லர் கம்பியை சுத்தி கட்டற ரிங்கோட ரெண்டு முனையும் வெறும் செங்கோணமா மடங்கி நிக்காம, உள்பக்கமா நல்லா வளைஞ்சு, அதாவது 135 டிகிரிக்கு, கான்கிரீட்டோட நடுவுக்குள்ள போகணும், இல்லன்னா ஆட்டத்துல ரிங் பிரிஞ்சு கம்பி வெளிய பிதுங்கிடும். பில்லரும் பீமும் சேர்ற இடத்துக்கு மேலயும் கீழயும் ரிங் நெருக்கமா, ஏறக்குறைய 10 சென்டிமீட்டருக்கு ஒண்ணு இருக்கணும், உங்க டிராயிங்ல என்ன போட்டிருக்குன்னு வச்சு சரி பாருங்க. கம்பி வளைக்கறவர் "இங்கல்லாம் இது தேவையில்ல சார்"னுதான் சொல்வார், 135ல வளைக்க அவருக்கு நேரம் அதிகம் ஆகும். கான்கிரீட் போட்ட பிறகு யாராலயும் பாக்க முடியாது, அதனால போடறதுக்கு முந்தின நாள் சாயந்திரம் டேப்பை எடுத்துக்கிட்டு போய் ஒவ்வொரு பில்லரையும் அளந்து ஃபோட்டோ எடுத்து இன்ஜினியருக்கு அனுப்பிட்டு, அவர் சரின்னு சொன்ன பிறகு லாரிக்கு ஃபோன் பண்ணுங்க.